இரண்டும் வெளியே வரும்வரை

மார்ச் 10, திங்கள். கொழும்பு

இல்லை, இரண்டு என்பதுதான் நல்ல செய்தி. ஒன்று என்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

இதை அம்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்போதுதான் விளங்கியது.

வெக்கை. வாட்டில் ஒரு மின்விசிறி சுற்றுகிறது. மற்றது சத்தம் மட்டும்.

பிறகு குழம்பாமல் இருக்க எழுதி வைக்கிறேன். அப்பாவின் வலது சிறுநீரகத்தில் ஒரு கட்டி. ஈரலின் வலப்பக்கம், கீழ் ஓரத்தில் ஒரு கட்டி. மன்னாரில் ஸ்கான் எடுத்த அன்று சொன்னது: சிறுநீரகத்தில் தொடங்கி ஈரலுக்குப் பரவிவிட்டது. பரவியதென்றால் வெட்டிப் பயனில்லை, மருந்தில் கொஞ்சக் காலம். மாசி முழுவதும் அந்த "பரவியது" வீட்டுக்குள் எங்களோடு இருந்தது. சாப்பிடும்போதும் இருந்தது.

இன்று, ஈரலில் ஊசி குத்தி எடுத்த சதையின் சோதனை முடிவு வந்தது. அது சிறுநீரகத்திலிருந்து வந்ததல்ல. ஈரலிலேயே பிறந்தது. அப்பாவின் ரத்தத்தில் ஈரலைப் பிடிக்கும் கிருமி ஒன்று, யாருக்கும் தெரியாமல், எத்தனை வருடமோ. செங்கமாரி வந்து கண் மஞ்சளானதாகக்கூட அவருக்கு நினைவில்லை. சிறுநீரகத்தில் இருப்பது வேறு. அது தன்பாட்டில் வந்தது.

ஒரே உடம்பில், அடுத்தடுத்து, ஒன்றையொன்று அறியாத இரண்டு.

பெரிய டொக்டர் கையுறைப் பெட்டியின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். என்னோடு ஆங்கிலம், அம்மாவோடு புன்னகை. இரண்டும் வலப்பக்கம். ஒரே வெட்டில் இரண்டையும் எட்டலாம். இடது சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. மிச்ச ஈரலும் கெட்டுப்போகவில்லை. அடுத்த செவ்வாய் ஒப்பரேசன்.

அம்மா: "ரெண்டு புற்றுநோய் எண்டு சொல்லிப்போட்டு அந்த மனுசன் சிரிக்குது. நீயும் சிரிக்கிறாய்."

சிரித்தேனா? இருக்கலாம்.

எனக்கும் அம்மாவுக்கும் அந்தக் கிருமி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

அப்பாவுக்கு நான்தான் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அப்ப வள்ளத்தில ரெண்டு ஓட்டை. ஒரு ஓட்டையால மற்றது வரேல்ல."

"ஓம் அப்பா."

"எப்பிடியும் கரையில ஏத்தத்தானே வேணும். ஏத்தினா ரெண்டையும் பாக்கட்டும்."

பிறகு கேட்டார்: "ரெண்டையும் ஒரே நாளிலயோ?"

அதற்கு டொக்டர் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். முதலில் ஈரல். ஈரலை வெட்டும்போது உடம்பில் நீரைக் குறைத்து வைப்பார்களாம், ரத்தம் கூடப் போகாமல் இருக்க. சிறுநீரகத்துக்கோ நீர் வேண்டும். ஆகவே ஈரல் முடிந்தபின் நீர் ஏற்றி, அதன்பின் சிறுநீரகம். ஈரலில் ரத்தம் அளவுக்கு மேல் போனால் அத்தோடு மூடிவிடுவார்கள். மற்றது பிறகு, உடம்பு தேறினால். தேறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

அப்பா தலையாட்டினார். "ரெண்டும் ஒண்டா வரவேணும்" என்றார், யாரிடமோ பேரம் பேசுவதுபோல்.

எனக்கும் அம்மாவுக்கும் கிருமி இல்லை. தடுப்பூசி மட்டும் போடவேண்டும்.

மார்ச் 15, சனி

சத்திரசிகிச்சை தள்ளிப்போய்விட்டது.

காலை டொக்டர் வந்தார். அப்பாவின் எடை இறங்கியிருக்கிறது. ரத்தத்தில் புரதம் குறைவு. இந்த உடம்போடு ஈரலை வெட்டினால் காயம் ஆறாது, மிச்ச ஈரல் தாங்காது. என்னைப் பார்த்து: "இவருக்கு நீங்கள் சாப்பாடு கொடுப்பதில்லையா?"

வெட்கம். தினமும் மீனும் முட்டையும் என்று முதல்நாளே சொன்னவர். ஆஸ்பத்திரியில் முட்டை கொடுக்கிறார்கள். அம்மா வெளியிலிருந்து மீன்குழம்பும் வாங்கி வருகிறாள். கோப்பை காலியாகத்தான் திரும்புகிறது.

டொக்டர் போனபின் பக்கத்துக் கட்டில் ஹனிபா நானா என்னைக் கூப்பிட்டார். முசலிப் பக்கத்தவர். சிறுநீரகத்தில் கல்.

"மகள், கோவிக்கப்படாது. ஒங்கட வாப்பாட முட்டை நான்தான் திங்கிறேன்."

"என்ன?"

"வேணாண்டு சொன்னா உடுறாரில்ல. மீனும் எனக்குத்தான். மச்ச மாமிசம் உட்டுட்டாராம். நான் நெனச்சேன் ஒங்கட நோன்பு காலமுண்டு. இப்ப டொக்டர் அப்புடிச் சொல்ல நெஞ்சு பதறுது."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நித்திரை போல.

அம்மா: "இஞ்சருங்கோ. நித்திரை இல்லையெண்டு எனக்குத் தெரியும்."

விசயம் இதுதான். மன்னாரில் முதல் ஸ்கான் எடுத்த அன்றே அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். இரண்டும் வெளியே வரும்வரை மீன், முட்டை, இறைச்சி எதுவும் தொடுவதில்லை. வெளியே சொன்னால் நேர்த்தி பழுதாகும் என்று வாய் திறக்கவில்லை. வீட்டில் மீனை ஒதுக்கியபோது நோயால் பசியில்லை என்று நினைத்தோம். பிறகு தபசு காலம் வந்தது. ஊரே ஒறுத்தலில் இருக்க யார் கவனிப்பது?

"இறைச்சியை விட்டா காணாதே?" என்றாள் அம்மா.

"இறைச்சி எப்பவாச்சும் திங்கிறதுதானே. அதை விடுறது ஒரு ஒறுத்தலே? மீனை விட்டாத்தான் ஒறுத்தல்."

"அந்தோனியார் வந்து சொன்னவரே, முட்டையைப் பக்கத்துக் கட்டிலுக்குக் குடு எண்டு?"

ஹனிபா நானா போர்வையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அவர் உயிரோடிருக்கக் கேட்ட வரமே அவரை வெட்டமுடியாத உடம்பாக்கியிருக்கிறது.

மார்ச் 17, திங்கள். தாழ்வுபாடு

வீடு. மூன்று வாரம் சாப்பிடவைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். கட்டிகள் அதற்குள் பெரிதாக ஓடிவிடாது என்றார் டொக்டர். "ஓடிவிடாது" என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. "பெரிதாக" என்ற சொல் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் அப்பா யன்னலோரம். பாலம் வந்ததும் நிமிர்ந்து இருந்தார். இரு பக்கமும் கடல். காற்று உள்ளே வந்தது, கருவாட்டு வாடையோடு.

இரவு: பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. அம்மா முட்டை அவித்து வைத்தாள். அவர் தொடவில்லை. அவள் எடுத்துக்கொண்டு போனாள். குசினியில் சட்டி ஒன்று விழுந்தது. அல்லது போடப்பட்டது.

மார்ச் 18, செவ்வாய்

இன்றுதான் ஒப்பரேசன் நடந்திருக்கவேண்டும்.

காலையில் அம்மா பங்குச் சுவாமியைக் கூட்டிவந்தாள். சுவாமி மோட்டார் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். இளம் ஆள். எனக்கு ஒன்றிரண்டு வயது கூட இருக்கும்.

"லூக்காஸ் அண்ணை, நோயாளியிட்டச் சபை ஒறுத்தல் கேக்கேல்ல."

"சபை கேக்கேல்லத்தான் சுவாமி. நான்தானே சொன்னனான்."

"அப்ப நான் விடுதலை தாறன். எனக்கு அந்த அதிகாரம் இருக்கு."

"நீங்கள் தருவியள். அங்கால பிறகு இல்லையெண்டால்?"

"எங்கால?"

அப்பா கூரையைக் காட்டினார்.

சுவாமி: "சரி. விடவேண்டாம். மாத்துவம். வேற ஒராள் உங்களுக்காக ஒறுத்தலைப் பிடிக்கட்டும். அது செல்லும்."

அம்மா உடனே: "நான் பிடிக்கிறன்."

"நீ ஏற்கனவே விட்டிட்டாயெல்லோ" என்றார் அப்பா. உண்மைதான். சாம்பல் புதனிலிருந்து அம்மா மச்சம் தொடவில்லை. விட்டதை மறுபடி எப்படி விடுவது?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த வீட்டில் மீன் தின்னும் ஒரே ஆள் நான். நேற்று வரும் வழியிலும் தின்றேன். கம்பஸ் போனதிலிருந்து பூசைக்குப் போவதில்லை. அது இவர்களுக்குத் தெரியும், பேசுவதில்லை. பேசினால் நான் பெரிய சொற்களில் பதில் சொல்வேன். அம்மா அழுவாள்.

அப்பா மெதுவாக: "நம்பாத ஆள் பிடிச்சாச் செல்லுமே சுவாமி?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

சுவாமி: "மீனை விடுறதுக்கு நம்பிக்கை தேவையில்லை, அண்ணை. விட்டால் விட்டதுதான். பிள்ளை, என்ன சொல்லுறாய்?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாம் கம்பஸில் படித்தவை. அப்பாவின் கை கதிரைச் சட்டத்தில் இருந்தது. மணிக்கட்டு எலும்பு துருத்தி நின்றது. முன்பு அப்படி இருந்ததில்லை.

"ஓம். நான் பிடிக்கிறன்."

"இரண்டும் வெளியில வரும்வரை" என்றார் அப்பா.

"இரண்டும் வெளியில வரும்வரை."

அவ்வளவுதான். மின்னல் எதுவும் இல்லை. சுவாமி தேத்தண்ணி குடித்தார். அம்மா முட்டையை உரித்தாள். அப்பா தின்றார். உப்பு கேட்டார்.

மார்ச் 20, வியாழன்

விளைமீன் குழம்பு. உப்புப் பார்க்க ஆளில்லை. அம்மாவும் பார்க்கமுடியாது, நானும் பார்க்கமுடியாது. இரண்டு பேரும் சட்டியைச் சுற்றி நின்று ஆவியைப் பார்த்தோம்.

அப்பா: "உப்புக் கூடிப்போச்சு." மிகுந்த சந்தோசத்தோடு. முழுவதும் தின்றார்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று அவர் தின்றவை: முட்டை இரண்டு. பாற்கஞ்சி. திரளிச் சொதி. மத்தியானம் நண்டு, அது டொக்டரின் பட்டியலில் இல்லை, அவர் கேட்டார். பின்னேரம் பயறு.

நான் தின்றவை: எழுதத் தேவையில்லை. பருப்பு.

நண்டு உடைக்கிற சத்தம் குசினிவரை கேட்டது. வெளியே போய் வாசலில் நின்றேன்.

மார்ச் 26, புதன்

அப்பாவின் கூட்டாளிகள் கடலால் வந்து நேரே இங்கே வருகிறார்கள். ஆளுக்கொரு மீன். சட்டி காணாது. ஒருவர் என்னிடம்: "நீ மச்சம் விட்டிட்டியாமே? கோயில் பக்கம் வராத ஆள், இப்ப கன்னியாஸ்திரி ஆகப்போறியோ?"

"இரண்டும் வெளியில வந்தவுடன உங்கட வலையே காணாது, பாருங்கோ" என்றேன்.

அப்பா சிரித்தார். பிறகு வயிற்றின் வலப்பக்கத்தில் கை வைத்துக்கொண்டார். சிரித்தால் நோகிறதோ, வெறும் பழக்கமோ தெரியவில்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. நான் நம்பி இதைச் செய்யவில்லை. அவர் நம்புவதால் செய்கிறேன். ஆனால் மீன் வாசனை வரும்போது வயிற்றுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஹனிபா நானா ஊரிலிருந்து தொலைபேசினார். கல் எடுத்துவிட்டார்கள். "வாப்பா திங்கிறாரா மகள்? தொழுதிட்டு ஒவ்வொரு நாளும் அவருக்குத் துஆ கேக்குறேன். அந்த முட்டையெல்லாம் எனக்குச் செமிக்கல்ல."

அப்பா தொலைபேசியை வாங்கி: "நீர் திண்ட முட்டையாலதான் உமக்குக் கல் கரைஞ்சது, நானா."

ஏப்ரல் 5, சனி. கொழும்பு

எடை ஏறியிருக்கிறது. ரத்தமும் சரி. டொக்டர் என்னிடம்: "என்ன செய்தீர்கள்?"

"மீன் கொடுத்தோம்" என்றேன்.

ஒப்பரேசன் செவ்வாய்க்கிழமை. அந்தோனியாரின் நாள் என்று அம்மா சொன்னாள். பட்டியலில் இடம் இருந்த நாள் என்று நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மயக்கமருந்து டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுபோல. அப்பாவிடம் தமிழில்: "ஈரலுக்குப் போற ரத்தத்தை நாடாவால இறுக்குவினம் ஐயா. கொஞ்ச நேரம் இறுக்கி, விட்டு, பிறகு இறுக்கி. பயப்பிட ஒண்டும் இல்லை. நீங்கள் நித்திரை."

"நித்திரையெண்டால் எனக்கேன் பயம். முழிச்சிருக்கிறது நீங்கள்தானே."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அப்பாவின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. பிடித்தபோதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் கொண்டுபோனார்கள். கழுத்தில் கிடந்த செபமணிக் கயிற்றைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தார்.

நடைபாதைக் கதிரை. மழை வரும்போல் இருட்டு, ஆனால் வரவில்லை. அம்மா செபமாலை. நான் ஒரு புத்தகம், ஒரே பக்கம்.

கணக்கு இதுதான்: ஈரலில் ரத்தம் கூடப் போனால் மூடிவிட்டுச் சீக்கிரம் வருவார்கள். தாமதித்தால் சிறுநீரகத்துக்குப் போய்விட்டார்கள் என்று பொருள். ஆகவே கதவு திறக்கக்கூடாது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, நேரம் போகட்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். யாரிடம்? தெரியாது. யாரிடமோ.

மத்தியானத்துக்கு முன் கதவு திறந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். வேறு நோயாளி. ஒரு கிழவர், கால் கட்டோடு.

பிறகு நெடுநேரம் எதுவுமில்லை.

அம்மா: "ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்?"

"நேரம் போகட்டும் அம்மா. போனாத்தான் நல்லது."

"ரெண்டெண்டால் நல்லதெண்டாய். இப்ப பிந்தினால் நல்லதெண்டுறாய். உன்ர படிப்பு எனக்கு விளங்கேல்ல."

பின்னேரம் மயக்கமருந்து டொக்டர் வெளியே வந்தாள். தொப்பி கழற்றவில்லை. கண்ணைப் பார்த்தேன். கண்ணில் களைப்பு மட்டும்.

"இரண்டும் எடுத்தாச்சு. ரத்தம் பெரிசாப் போகேல்ல."

அம்மா செபமாலையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். நான் "நன்றி" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொன்னேன். ஏன் மூன்றிலும் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

தீவிர சிகிச்சைப் பிரிவு. ஒரு நிமிடம் பார்க்க விட்டார்கள். குழாய்கள். முகம் வீங்கி, வேறு யாரோ. கை அவருடையது.

கட்டிலடியில் பை. அதில் மூத்திரம் கொஞ்சம்தான். ஒற்றைச் சிறுநீரகம் வேலை தொடங்கவேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

பையில் நேற்றைவிடக் கொஞ்சம் கூட. கடும் மஞ்சள். தாதி: "ஹொந்தாய், ஹொந்தாய்." நல்லதாம்.

ஒரு மனிதனின் மூத்திரத்தைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

ஏப்ரல் 12, சனி

காய்ச்சல் வந்து போனது. பையில் நிறைய. அப்பா கண் திறந்து முதலில் கேட்டது:

"ரெண்டுமோ?"

"இரண்டும்."

"அப்ப நீ தின்னலாம்."

ஓம் என்று தலையாட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் மீன்சோறு விற்கிறார்கள். போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பருப்பு வாங்கினேன்.

ஏப்ரல் 19, சனி. தாழ்வுபாடு

வீடு. வான் பிடித்து வந்தோம். பள்ளம் வந்தபோதெல்லாம் அப்பா தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பாரம் தூக்கக்கூடாது. கடல் இப்போதைக்கு இல்லை. ஈரல் கிருமிக்குத் தினமும் ஒரு குளிசை, நெடுகலும். ஸ்கான் அடிக்கடி. இந்தக் கதை இத்தோடு முடியாது என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் இப்போது முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிறார். காற்று வாங்குகிறார். தைத்த இடம் சொறிகிறதாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு. பாஸ்குத் திருநாள்

அம்மாவின் ஒறுத்தல் முடிந்தது. பாரை வாங்கி, பொரித்து, குழம்பு வைத்து, தானே உப்புப் பார்த்து, கண் கலங்கினாள். உப்புக்காக இருக்காது.

எனக்குப் பரிமாற வந்தாள். கோப்பையைத் தள்ளினேன்.

"ஏன்? எடுத்தாச்சே?"

"றிப்போட் வரட்டும்."

எடுத்தவற்றைச் சோதித்து முடிவு சொல்ல நாளாகும். ஓரங்கள் சுத்தமா, முழுவதும் வெளியே வந்ததா, இரண்டும் உண்மையில் இரண்டா. அதுவரை "வெளியே வந்தது" என்பது டொக்டரின் சொல் மட்டும். இப்படித்தான் எனக்கு நியாயம் சொல்லிக்கொள்கிறேன். உண்மை: பயம். நம்பாதவளின் பயம், நம்புகிறவர்களுடையதைவிடப் பிடிவாதமானது போலிருக்கிறது.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி: "என்னை ஏசினாளெல்லோ. இப்ப ஆரைப் போல இருக்கிறாள் பார்."

ஏப்ரல் 24, வியாழன்

ஹனிபா நானா வந்தார். கையில் ஒரு தட்டு நிறைய முட்டை. "நான் தின்னது இவ்வளவு இருக்காது. பரவால்ல." அப்பாவும் அவரும் சட்டையைத் தூக்கித் தழும்பு ஒப்பிட்டார்கள். அப்பாவுடையது நெஞ்செலும்புக்குக் கீழிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்புகிறது. நானாவுடையது கட்டைவிரல் அளவு.

"இதெல்லாம் ஒரு தழும்பே நானா? நுளம்பு கடிச்சமாதிரி."

"நீர் ரெண்டு வீடு காலி பண்ணின ஆளெல்லோ, லூக்காஸ்."

ஏப்ரல் 28, திங்கள்

சோளகக் காற்று தொடங்கும்போல. மண் பறக்கிறது. தலைமயிரெல்லாம் உப்பு.

மயக்கமருந்து டொக்டர் தொலைபேசியில். தானே அழைத்தாள். இரண்டும் வேறு வேறு. ஈரலில் வெட்டிய ஓரம் சுத்தம். சிறுநீரகக் கட்டி உறைக்குள்ளேயே நின்றிருக்கிறது, வெளியே கால் வைக்கவில்லை. இரண்டும் முழுதாக வெளியே.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன். சொன்னாள்.

அப்பா முற்றத்தில் அறுந்த வலையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாரம் இல்லைத்தானே என்றார், நான் கேட்கும் முன்னே. சொன்னேன். கண்ணை மூடி, நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு வலைக்குத் திரும்பினார்.

"கரையில வள்ளம் வந்திட்டுது. போ."

போய் ஒரு விளைமீன் வாங்கினேன். செதிள் சுரண்டி, கழுவி, சட்டியில் வைத்தேன். கொதித்ததும் அகப்பையால் எடுத்து, ஊதி, உப்புப் பார்த்தேன்.